சைக்கிள் ஜெனரேட்டர் தொகுப்பு: எட்டு மாதம் மிதித்த பிறகு

கஜா புயல் 2018 நவம்பர் 16 அதிகாலையில் வேதாரண்யத்துக்கும் நாகப்பட்டினத்துக்கும் இடையே கரையைக் கடந்தது. டெல்டா மாவட்டங்களில் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட மின்கம்பங்கள் சாய்ந்தன. பட்டுக்கோட்டைக்குத் தெற்கே இருக்கும் எங்கள் ஊருக்கு மறுபடி மின்சாரம் வர இருபத்து மூன்று நாள் ஆயிற்று. வெளிமாவட்டங்களிலிருந்து வந்த மின்வாரியத் தொழிலாளர்கள் வயல் சேற்றில் நின்று கம்பம் நட்டுக்கொண்டிருந்த அந்த நாள்களில், கடைத்தெருவில் வாடகை ஜெனரேட்டர் வைத்திருந்தவரிடம் கைபேசி ஒன்றுக்கு முப்பது ரூபாய் கொடுத்து, வரிசையில் நின்று சார்ஜ் ஏற்றிக்கொண்டோம். சென்னையில் இருந்த மகளிடம் நன்றாக இருக்கிறோம் என்று ஒரு வார்த்தை சொல்வதற்கான முப்பது ரூபாய் அது. சைக்கிளை மிதித்து மின்சாரம் எடுக்கும் கருவி ஒன்று வீட்டில் இருந்தால் தேவலை என்ற எண்ணம் அந்த வரிசையில் நின்றபோது வந்தது. அதை வாங்கிப் பூட்டுவதற்கு இத்தனை ஆண்டுகள் ஆனதற்கு என் சோம்பலைத் தவிர வேறு காரணம் இல்லை.

எட்டு மாதங்களுக்கு முன், இணையத்தில் விற்கும் ஒரு நிறுவனத்திடமிருந்து, அனுப்புகூலி உட்பட 9,800 ரூபாய்க்கு இந்தத் தொகுப்பை வரவழைத்தேன். நிறுவனத்தின் பெயரை இங்கே எழுதப்போவதில்லை. இதே பாகங்களை இதே போன்ற அட்டைப்பெட்டியில் அடுக்கி விற்பவர்கள் பலர் இருக்கிறார்கள் என்பதால், கீழே சொல்லும் நிறைகுறைகள் பொதுவாகவே பயன்படும். பெட்டிக்குள் இருந்தவை: பின்சக்கரத்தைத் தூக்கி நிறுத்தும் இரும்புக் குழாய் ஸ்டாண்ட், 24 வோல்ட் 250 வாட் மோட்டார், அதன் தண்டில் மாட்டிய டயரோடு அழுந்திச் சுற்றும் 25 மில்லிமீட்டர் விட்டமுள்ள எஃகு உருளை, மின்சாரத்தை ஒரே திசையில் மட்டும் போகவிடும் டயோடு ஒன்று, வோல்ட்டும் ஆம்பியரும் காட்டும் சிறிய மீட்டர், 12 வோல்ட் 7 ஆம்பியர்-மணி பேட்டரி, கைபேசி சொருக இரண்டு யுஎஸ்பி துளைகள், ஒரு பக்கச் செய்முறைத் தாள். சைக்கிள் நம்முடையதுதான். என்னிடம் இருந்தது 28 அங்குலச் சக்கரமுள்ள, கேரியர் வைத்த, பழைய கறுப்பு சைக்கிள்.

முதலில் நல்லதைச் சொல்லிவிடுகிறேன். மோட்டார் தரமானது, தேர்வும் சரியானது. இது மின்சார ஸ்கூட்டர்களிலும் பேட்டரி சைக்கிள்களிலும் போடும் எம்ஒய்1016 வகையைச் சேர்ந்த நிலைக்காந்த மோட்டார். உள்ளே காந்தம் நிரந்தரமாக இருப்பதால், மின்சாரம் கொடுத்தால் சுற்றும் அதே மோட்டார், நாம் சுற்றினால் மின்சாரம் கொடுக்கிறது. இதற்கென்று தனியாக எதையும் மாற்ற வேண்டியதில்லை. இதை வாங்குவதற்கு முன் பழைய இரும்புக் கடையில் கார் ஆல்டர்னேட்டர் (எஞ்சின் ஓடும்போது காரின் பேட்டரிக்கு மின்சாரம் ஏற்றும் கருவி) ஒன்றை எடுத்துவந்து ஒரு மாதம் வீணாக்கியவன் நான் என்பதால் இந்தத் தேர்வின் அருமை தெரிகிறது. கார் ஆல்டர்னேட்டருக்குள் காந்தப்புலத்தை உண்டாக்கவே பேட்டரியிலிருந்து மூன்று நான்கு ஆம்பியர் போய்க்கொண்டிருக்க வேண்டும். அதாவது நாம் மிதிப்பதில் நாற்பது வாட் அளவுக்கு அதுவே தின்றுவிடும். எஞ்சினின் பெருவேகத்துக்குச் செய்யப்பட்ட பொருளை மனிதக் கால் சுற்றிக் கட்டாது.

என் வயதுக்காரர்களுக்கு இந்தக் கருவியைப் பார்த்ததும் நினைவுக்கு வருவது சைக்கிள் டைனமோ. சைக்கிளுக்கு ஸ்டாண்ட் போட்டுவிட்டு, டைனமோவை டயரோடு அழுத்தி, கையால் பெடலைச் சுற்றி முன்விளக்கை எரியவைத்து விளையாடாத பிள்ளை எங்கள் தெருவில் இல்லை. அது 6 வோல்ட், 3 வாட். இந்தத் தொகுப்பின் தத்துவமும் அதுதான், அளவுதான் வேறு. அளவு வேறாகும்போது வரும் சிக்கல்களை விற்பவர் யோசிக்கவில்லை என்பதே என் முதல் குறை.

ஸ்டாண்டைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. அது 26 அங்குல, மெல்லிய அச்சுள்ள புதுவகை சைக்கிள்களுக்கு அளவெடுத்துச் செய்யப்பட்டது. என் சைக்கிளுக்குப் பொருந்த இரண்டு புஷ் கடைந்து போட வேண்டியிருந்தது. வெல்டிங் திடமாக இருக்கிறது. பெயிண்ட் மூன்றாம் மாதமே உரிந்துவிட்டது. நம் பழைய சைக்கிளின் இரட்டைக்கால் ஸ்டாண்டே பின்சக்கரத்தைத் தூக்குமே, இது எதற்கு என்று எனக்கும் தோன்றியது. அதன்மேல் நிறுத்தி ஏறி உட்கார்ந்து இரண்டு மிதி மிதித்ததில் சைக்கிள் முன்னால் நகர்ந்து ஸ்டாண்ட் மடங்கிவிட்டது. திண்ணைத் தூண் பக்கத்தில் இருந்ததால் பிடித்துக்கொண்டேன்.

உண்மையான சிக்கல் உருளையில் இருந்தது. எல்லாவற்றையும் பூட்டி முதல் முறை ஏறி மிதித்தபோது, பேட்டரி இணைக்காத வரைக்கும் கால் இலகுவாகச் சுற்றியது. மீட்டர் 33 வோல்ட் காட்டியது. விற்பவரின் விளம்பரக் காணொளியிலும் இந்த எண்ணைத்தான் பெருமையாகக் காட்டியிருந்தார்கள். பேட்டரியை இணைத்ததும் பெடல் கல்லாகிப் போனது. கேரியரில் இரண்டு மூட்டை நெல்லை வைத்துப் பாலத்தின்மேல் ஏற்றுவதுபோல் ஒவ்வொரு மிதிக்கும் எழுந்து நின்று அழுத்த வேண்டியிருந்தது. நிமிடத்துக்கு இருபத்தேழு சுற்றுக்கு மேல் காலைச் சுற்ற முடியவில்லை. முழங்கால் வலியோடு பத்தாவது நிமிடத்தில் இறங்கினேன். மோட்டாரில்தான் கோளாறு என்று எண்ணி, கடிதம் எழுதவும் உட்கார்ந்துவிட்டேன்.

கோளாறு மோட்டாரில் இல்லை. இந்த மோட்டார் ஒரு வோல்ட் கொடுக்க நிமிடத்துக்கு ஏறத்தாழ 137 முறை சுற்ற வேண்டும். 12 வோல்ட் பேட்டரி சார்ஜ் ஏறும்போது அதன் முனைகளில் பதின்மூன்றரை வோல்ட் அளவில் நிற்கும். டயோடில் போவதையும் மோட்டார்ச் சுருளின் தடையில் போவதையும் சேர்த்தால் மோட்டார் பதினைந்து வோல்ட் உண்டாக்கினால் போதும். அதாவது 2,050 சுற்று. அதற்கு மேல் வேகமாகச் சுற்ற முயன்றால் மின்னோட்டம் மளமளவென்று ஏறி, காலை எதிர்த்துத் தள்ளும். எவ்வளவு வேகமாக மிதிக்க வேண்டும் என்பதைத் தீர்மானிப்பது நாம் அல்ல, பேட்டரிதான். என் சைக்கிளில் முன்பல்சக்கரத்தில் 48 பல், பின்னால் 18 பல். ஒரு மிதிக்குச் சக்கரம் 2.67 முறை சுற்றும். சக்கரத்தின் விட்டம் 710 மில்லிமீட்டர், உருளை 25 மில்லிமீட்டர் என்றால் சக்கரம் ஒருமுறை சுற்ற உருளை இருபத்தெட்டு முறை சுற்றும். இரண்டையும் பெருக்கினால் ஒரு மிதிக்கு மோட்டார் 76 சுற்று. 2,050-ஐ 76-ஆல் வகுத்தால் விடை 27. என் முழங்கால் சொன்ன அதே எண்.

மனிதக் கால் அலுக்காமல் நெடுநேரம் சுற்றக்கூடிய வேகம் நிமிடத்துக்கு அறுபதிலிருந்து எழுபது வரை. அதற்கு உருளை 60 மில்லிமீட்டர் இருக்க வேண்டும் என்று கணக்கு சொன்னது. பட்டுக்கோட்டையில் லேத் பட்டறை வைத்திருக்கும் தம்பியிடம் அலுமினியத்தில் ஒன்று கடைந்து தரச் சொன்னேன். “அண்ணே, இவ்வளவு பெருசா போட்டா மோட்டார் மெதுவாத்தானே சுத்தும்?” என்றார். மெதுவாகச் சுற்றுவதற்காகத்தான் என்று விளக்கி, 450 ரூபாய் கொடுத்து வாங்கிவந்தேன். அன்று மாலை ஏறி மிதித்தபோது கால் தன்பாட்டுக்கு அறுபத்தைந்தில் நின்றது. பழைய உருளையின் கரடுமுரடான மேற்பரப்பு டயரைச் சுரண்டி, திண்ணையில் மை கொட்டியதுபோல் ரப்பர் தூள் சேர்த்துக்கொண்டிருந்தது. வழவழப்பான பெரிய உருளை வந்த பிறகு அதுவும் பெருமளவு குறைந்தது. ஒன்பதாயிரத்து எண்ணூறு ரூபாய்ப் பொருளை ஓடவைத்தது நானூற்று ஐம்பது ரூபாய் உருளை. செய்முறைத் தாளில் பல்சக்கரம், உருளை, வேகம் ஆகியவற்றைப் பற்றி ஒரு வரிகூட இல்லை.

நான் மின் பொறியாளன் அல்லன். கூட்டுறவுச் சங்கம் ஒன்றில் முப்பது ஆண்டு பேரேடு எழுதியவன். எனவே இந்தக் கருவிக்கும் வரவு செலவு எழுதிப் பார்த்தேன். உடல்நலமுள்ள, பயிற்சியில்லாத ஒருவர் ஒரு மணி நேரம் தொடர்ந்து மிதித்தால் எழுபத்தைந்திலிருந்து நூறு வாட் வரை கொடுக்க முடியும் என்பது பொதுவாக ஒப்புக்கொள்ளப்பட்ட அளவு. என் பங்குக்கு எண்பது என்று வரவு வைத்தேன். செயினில் மூன்று வாட் போகிறது. டயரும் உருளையும் உராயும் இடத்தில் பதினான்கு போகிறது. மிதித்து இறங்கியதும் டயரைத் தொட்டுப் பார்த்தால் அந்தப் பதினான்கும் கையில் சுடும். மோட்டாருக்குள் பதினைந்துக்கு மேல். டயோடில் இரண்டு மூன்று. கம்பிகளிலும் முறுக்கிய இணைப்புகளிலும் சில்லறை. மீட்டரில் நான் கண்டது சராசரியாக 13.4 வோல்ட், மூன்று ஆம்பியர். அதாவது நாற்பது வாட். வரவில் பாதி வழியிலேயே செலவாகிவிட்டது. பேட்டரியில் போட்டதை முழுவதும் திரும்ப எடுக்கவும் முடியாது. ஈய அமில பேட்டரி ஐந்தில் ஒரு பங்கைக் கமிஷன் பிடித்துக்கொள்கிறது. ஆக, ஒரு மணி நேரம் மிதித்தால் கையில் மிஞ்சுவது 32 வாட்-மணி. பெட்டியின்மேல் பெரிய எழுத்தில் அச்சிட்டிருக்கும் 250 வாட் என்பது மோட்டார் தாங்கும் அளவு. கால் தரும் அளவு அன்று. வாங்குபவரில் பத்தில் ஒன்பது பேர் அதை மாற்றித்தான் புரிந்துகொள்வார்கள், அது விற்பவருக்கும் தெரியும்.

அந்த 32 வாட்-மணியை வைத்துக்கொண்டு என்ன செய்யலாம்? 5,000 மில்லி ஆம்பியர்-மணி பேட்டரி உள்ள கைபேசி ஒன்றை முழுமையாக நிரப்பி, மிச்சத்தில் 5 வாட் எல்இடி விளக்கை ஒன்றேமுக்கால் மணி நேரம் எரிக்கலாம். வானொலிப் பெட்டி என்றால் விடிய விடியக் கேட்கலாம். 30 வாட் மட்டுமே வாங்கும் புதுவகை பிஎல்டிசி மின்விசிறியை ஒரு மணி நேரம் ஓட்டலாம். மிதித்தபோது சிந்திய வியர்வை உலரும் நேரத்துக்குச் சரியாக இருக்கும். பழைய வகை 75 வாட் விசிறியை நினைத்தும் பார்க்க வேண்டாம். உணவுக் கணக்கும் உண்டு. உடல் தான் எரிக்கும் சக்தியில் நான்கில் ஒரு பங்குக்கும் குறைவாகத்தான் பெடலுக்குக் கொடுக்கிறது என்பதால், என் ஒரு மணி நேர மிதிப்புக்கு முந்நூறு கிலோ கலோரி ஆகிறது, ஆறு இட்லி. தமிழ்நாட்டில் வீடுகளுக்கு இரண்டு மாதத்துக்கு 100 யூனிட் மின்சாரம் இலவசம். ஒரு யூனிட் என்பது ஆயிரம் வாட்-மணி. இந்தக் கருவியில் அறுபது நாளும் இரவு பகல் பாராமல் ஆள் மாற்றி ஆள் மிதித்தாலும், பேட்டரி பிடிக்கும் கமிஷனைக் கழிக்காமலே 58 யூனிட்தான் தேறும்.

இதை எழுதுவது கருவியை மட்டம்தட்டுவதற்காக அன்று. 2015-இல் ராபர்ட் ஃபோர்ஸ்டமான் என்ற ஜெர்மானிய சைக்கிள் வீரர், தொடையைப் பார்த்தாலே மலைப்பு வரும் ஆள், 700 வாட் ரொட்டி வாட்டும் கருவியை மிதித்தே இயக்கி ஒரு துண்டு ரொட்டியை வாட்டினார். இறங்கியதும் தரையில் படுத்துவிட்டார். அதே காலத்தில் அமெரிக்கத் தொழிலதிபர் மனோஜ் பார்கவா, ஒரு மணி நேரம் மிதித்தால் கிராமத்து வீட்டுக்கு ஒரு நாள் மின்சாரம் என்று ஒரு சைக்கிளை அறிமுகப்படுத்தினார். நூறு வாட்டில் ஒரு மணி நேரம் மிதித்தால் வருவது பத்தில் ஒரு யூனிட். இரண்டு மூன்று விளக்கும் ஒரு கைபேசியும்தான் வீடு என்றால் அவர் சொன்னது சரி. குளிர்பதனப் பெட்டியும் மாவரைக்கும் கிரைண்டரும் உள்ள வீட்டுக்கு அது பொருந்தாது. மிதித்தெடுக்கும் மின்சாரத்துக்கு என்னைக் கேட்டால் பொருத்தமான உதாரணம் ஆஸ்திரேலியாவில் இருக்கிறது. ஆல்ஃபிரட் டிரேகர் 1929 வாக்கில் செய்துகொடுத்த பெடல் வானொலியைக் கொண்டு, நூற்றுக்கணக்கான மைல் தனித்துக் கிடந்த பண்ணை வீட்டார், விமானத்தில் வந்து சிகிச்சை தரும் ‘பறக்கும் மருத்துவரை’ அழைத்தார்கள். அதற்குத் தேவைப்பட்டது இருபது வாட் அளவுதான். எங்கள் கஜாத் தேவையும் ஏறத்தாழ அதுவே.

அடுத்த குறை டயோடு. இதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் இது பணநட்டம் மட்டுமன்று, ஆபத்தும்கூட. மோட்டாரிலிருந்து பேட்டரிக்கு மின்சாரம் போகலாம், பேட்டரியிலிருந்து மோட்டாருக்குத் திரும்பக் கூடாது. அந்த ஒருவழிக் கதவுதான் டயோடு. தொகுப்பில் வந்தது மூன்று ஆம்பியர் தாங்கும் சாதாரண டயோடு. மீட்டரை உற்றுப் பார்த்தால், பெடல் மேலும் கீழும் நிற்கும் கணத்தில் மின்னோட்டம் இரண்டு ஆம்பியருக்கு இறங்குவதும், கால் முழு பலத்தோடு அழுத்தும்போது நான்குக்கு ஏறுவதும் தெரியும். சராசரியே மூன்று என்னும்போது டயோடுக்கு மூச்சுவிட நேரமில்லை. வெப்பத்தைக் கடத்த ஒரு தகடுகூட அதனோடு இல்லை, பிளாஸ்டிக் டப்பாவுக்குள் அடைத்து மூடியிருந்தார்கள். இரண்டாம் மாதம் ஒரு மாலை, தம்பி மகன் வந்து நின்றுகொண்டு மிதித்துப் பலம் காட்டிவிட்டுப் போனான். மறுநாள் விடியற்காலை வாசல் தெளிக்கப் போன என் மனைவி உள்ளே ஓடிவந்து, “ஏங்க, சைக்கிள்ள யாருமே இல்ல, சக்கரம் மட்டும் தானா சுத்துது, வந்து பாருங்க” என்றாள். போய்ப் பார்த்தேன். பெடல் அசையவில்லை, பின்சக்கரம் மட்டும் டிக்டிக்கென்ற ஃபிரீவீல் சத்தத்தோடு மெல்ல முன்னோக்கிச் சுற்றிக்கொண்டிருந்தது. டயோடு வெந்து, கதவு இரண்டு பக்கமும் திறந்துவிட்டது. பேட்டரி அது தீரும் வரை மோட்டாரை ஓட்டிக்கொண்டிருந்தது. மீட்டரில் ஏழு வோல்ட்டுக்கும் கீழே. அந்த பேட்டரி அதன்பின் தேறவில்லை.

இப்போது அந்த இடத்தில் இருபது ஆம்பியர் தாங்கும் ஷாட்கி வகை டயோடு ஒன்றை உள்ளங்கை அகல அலுமினியத் தகட்டில் திருகி வைத்திருக்கிறேன். இதில் வோல்ட் இழப்பும் முந்தையதில் பாதிதான். பேட்டரியின் நேர்முனையை ஒட்டிப் பத்து ஆம்பியர் ஃபியூஸ் ஒன்றும் போட்டேன். தொகுப்பில் ஃபியூஸே இல்லை என்பதை இதைப் படிப்பவர்கள் கவனிக்க வேண்டும். 7 ஆம்பியர்-மணி பேட்டரிக்கு இரண்டு ஆம்பியருக்கு மேல் ஏற்றுவது நல்லதன்று என்பதால், 26 ஆம்பியர்-மணியில் வேறு பேட்டரி வாங்கினேன். முழுதாக ஏறியதும் தானாக நிறுத்தும் ஏற்பாடும் கிடையாது; 14.4 வோல்ட்டைத் தொட்டால் நாமே இறங்க வேண்டும். நாற்பது வாட்டில் 26 ஆம்பியர்-மணி பேட்டரியை நிரப்பி அளவை மீறுவதற்குள் கால் தானாகவே நின்றுவிடும் என்பது வேறு விஷயம்.

சத்தத்தையும் சொல்ல வேண்டும். உருளை டயரில் ஓடும் ஒலி தையல் இயந்திரத்தைவிட அதிகம், மாவு மில்லைவிடக் குறைவு. இரவு ஒன்பதுக்கு மேல் நான் மிதிப்பதில்லை.

சூரியத் தகடு வாங்கியிருக்கலாமே என்று மகள் கேட்டாள். நியாயமான கேள்வி. 100 வாட் தகடு ஒன்று நம் வெயிலில் ஒரு நாளைக்கு 400 வாட்-மணி அளவுக்குக் கொடுக்கும். நான் பத்து மணி நேரம் மிதித்தால்தான் அவ்வளவு பேட்டரிக்குள் போகும். விலையும் இந்தத் தொகுப்பைவிடக் குறைவு. மின்கட்டணத்தை மிச்சம் பிடிக்க நினைப்பவர் யாராக இருந்தாலும் தகட்டைத்தான் வாங்க வேண்டும், இதைத் தொடவே கூடாது. ஆனால், புயல் மேகம் நான்கு நாள் கலையாமல் நிற்கும்போதும், ஓட்டோடு சேர்ந்து தகடும் பறந்துபோன பிறகும் திண்ணையில் நின்றுகொண்டிருக்கக்கூடிய பொருள் இது. இரண்டும் இருந்தால் ஒரே பேட்டரியில் இரண்டையும் சேர்க்கலாம். நான் அடுத்துச் செய்யப்போவது அதுதான். பள்ளிக்கூடத்தில் அறிவியல் ஆசிரியராக இருப்பவர்கள் தயங்காமல் வாங்கலாம். ஒரு யூனிட் என்றால் எவ்வளவு உழைப்பு என்பதைப் பத்து நிமிடத்தில் பிள்ளைகளின் காலுக்கே சொல்லிக்கொடுக்கும் வேறு கருவியை நான் பார்த்ததில்லை.

கையில் ஸ்பேனர் பிடிக்கத் தெரிந்தவர்களுக்கு என் யோசனை, முழுத் தொகுப்பை வாங்காமல் மோட்டாரையும் மீட்டரையும் மட்டும் தனியாக வாங்கிக்கொண்டு, ஸ்டாண்டை உள்ளூர் வெல்டிங் பட்டறையிலும் உருளையைத் தங்கள் சைக்கிளின் பல்லை எண்ணி லேத்திலும் செய்துகொள்வது. அப்படிச் செய்தால் ஆறாயிரத்துக்குள் முடியும் என்பது என் கணக்கு. ஸ்பேனர் தெரியாதவர்கள் இதைப் பெட்டியோடு வாங்கி ஏமாற வேண்டாம்.

டயோடு வெந்ததைப் பற்றி நிறுவனத்துக்குப் புகைப்படத்தோடு விரிவாக எழுதியிருந்தேன். மரியாதையாகப் பதில் போட்டார்கள். நான்காம் நாளே பணம் வாங்காமல் மாற்று டயோடும் அனுப்பிவைத்தார்கள். பிரித்துப் பார்த்தேன். அதே மூன்று ஆம்பியர் டயோடு, அதே பிளாஸ்டிக் டப்பா. மேசை இழுப்பறையில் கிடக்கிறது.